தோற்றவர் வாயைத் திறக்க வேண்டும்

ஜூன் 8, ஞாயிறு

இன்று காலை வழக்கம்போல் சபை கூடியது. சபை என்றால் கோமதிநாயகத்தின் ஜெராக்ஸ் கடை. ஞாயிறு விடுமுறை என்பதால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே நான்கு ஸ்டூல் போட்டுக்கொள்வோம். கோமதிநாயகம், டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற மிக்கேல் அண்ணாச்சி, மிட்டாய் மொத்த வியாபாரம் செய்யும் பீர்முகம்மது பாய், பத்திரம் எழுதிப் பிழைக்கும் ஆவுடையப்பனாகிய நான். திருநெல்வேலியில் இந்த நான்கு பேருக்கும் பழைய படத்தைவிட்டால் பேச வேறு விஷயம் கிடையாது. பதினோரு வருஷமாகக் கிடையாது.

எங்கள் சட்டதிட்டங்கள் கொஞ்சம் விசித்திரமானவை. படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. காட்சியைச் சொல்லித்தான் குறிக்க வேண்டும். பெயரைச் சொல்லிவிட்டால் அப்புறம் பேச என்ன இருக்கிறது? எனவே 'ஓடக்காரன் படம்', 'ரெண்டு தபால்காரர் படம்', 'குடை பறக்கிற படம்' என்றே பேச்சு நடக்கும். டீ குடித்தபின் கோமதிநாயகம் ஐந்து கேள்வி கேட்பான். மற்ற மூவரும் பதிலை எழுதிக் காட்ட வேண்டும். யாருக்குக் குறைவோ அவர் வாயில் ஒரு கமர்கட்டு. கடிக்கக் கூடாது, விழுங்கக் கூடாது, கரைகிறவரை வாய் திறக்கக் கூடாது. அது கரைய அரை மணி ஆகும். அந்த அரை மணியும் மற்றவர்கள் அவருக்கு உயிரான படத்தின் கதையை வேண்டுமென்றே தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். திருத்த முடியாமல் அவர் படும் பாடு இருக்கிறதே, அதற்காகவே நான் ஞாயிற்றுக்கிழமை எழுந்து குளிப்பது.

முடிவில் பாய் செல்போன் டார்ச்சை அடித்து, "ஆ காட்டும்வே" என்பார். வாயை முழுக்கத் திறந்து, நாக்கைத் தூக்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒதுக்கிக் காட்ட வேண்டும். கடைவாயில் பதுக்குகிற ஆட்கள் உண்டு. போன வருஷம் நானே பதுக்கி மாட்டியிருக்கிறேன்.

இன்று மிக்கேல் அண்ணாச்சி தோற்றார். நான் தப்பித்தேன். ('ஜெயித்தேன்' என்று திருத்தி வாசிக்கவும்.)

நாக்கின் இடது ஓரத்தில் உள்ள புண் இன்னும் ஆறவில்லை. பல் குத்தியிருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

இரண்டு கிரயப் பத்திரம், ஒரு தான செட்டில்மென்ட். மதியம் தயிர்ச்சோறு. சாயங்காலம் தெரு முக்கு வரை போய்வந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

காலையில் கண்ணாடி முன் நின்று நாக்கை வெளியே இழுத்துப் பார்த்தேன். ஓரம் வெள்ளையாக இருக்கிறது, நடுவில் சிவப்பு. தொட்டால் தடிப்பாக இருக்கிறது. சித்திரை விசு அன்று மாங்காய்ப் பச்சடி அந்த இடத்தில் எரிந்தது நினைவிருக்கிறது. அப்படியானால் இரண்டு மாதம். பல் குத்திய புண் இரண்டு மாதம் இருக்குமா?

உலகம்மாள் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"கண்ணாடில என்னத்தப் பாக்கிய?"

"பல்லுல கருவேப்பில."

"காப்பி குடிக்கு முன்னாடியா கருவேப்பில?" என்றாள். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன். முப்பது வருஷம் இவளோடு குடித்தனம் நடத்தியும் ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்ல வரவில்லை.

பயம் ஒன்றும் இல்லை. வைட்டமின் குறைவாக இருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

பாய் இன்று ஒரு தகர டப்பா நிறைய பழைய மிட்டாய்கள் கொண்டுவந்தார். தேன்மிட்டாய், சவ்வு மிட்டாய், கருப்பட்டி மிட்டாய், குச்சியில் சொருகிய புளி மிட்டாய். எந்தப் படத்துக்கு எந்த மிட்டாய் என்று சண்டை வந்துவிட்டது.

"அழுகைப் படத்துக்குத் தேன்மிட்டாய் ஆவாதுவே," என்றார் மிக்கேல் அண்ணாச்சி. "மூக்கு ஒழுகும், கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும், எதத் தொடைக்கன்னு தெரியாது. அழுகைப் படத்துக்குச் சவ்வு மிட்டாய்தான். இழுத்துக்கிட்டே அழலாம்."

"சண்டைப் படத்துக்கு?"

"கமர்கட்டு. கடைசிச் சண்டை முடியவும் அது கரையவும் சரியா இருக்கும்."

"பேய்ப் படத்துக்கு?" என்று கோமதிநாயகம் கேட்டான்.

"பேய்ப் படத்துக்கு ஒண்ணும் வாங்கப்பிடாது. தொண்டையில போய்ச் சிக்கிக்கிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாய் என் கையில் புளி மிட்டாயைத் திணித்தார். அது எனக்கு உயிர் என்று அவருக்குத் தெரியும். வாயருகே கொண்டுபோய்விட்டு, எல்லோரும் வேறு பக்கம் பார்த்த நேரம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"என்னவே பேச்சே காணும், வாய்ல கொழுக்கட்டையா?" என்றான் கோமதிநாயகம். "மிட்டாய்வே" என்று பையைத் தொட்டுக்கொண்டு சொன்னேன்.

கேள்விகளில் மூன்று சரி. அண்ணாச்சிக்கு இரண்டு. ஒரே ஒரு கேள்வியில் உயிர் பிழைத்தேன். தோற்றிருந்தால்? அந்த வெல்லக் கட்டி அரை மணி நேரம் புண்ணில் உரசும், அதைக்கூடத் தாங்கிவிடலாம். அதற்குப் பிறகு வரும் டார்ச் வெளிச்சத்தைத் தாங்க முடியாது.

ஜூன் 19, வியாழன்

காலை ஐந்து மணிக்கே எழுந்து செல்போனில் பழைய படம் பார்க்கிறேன். நாயகி சேலைக் கரை என்ன நிறம், அது கறுப்பு வெள்ளைப் படமாயிற்றே, சரி, எத்தனை கோடு. வில்லன் வண்டியின் எண் என்ன. கல்யாண மண்டபத்தில் எத்தனை வாழைமரம். நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி.க்கு இப்படிப் படித்திருந்தால் இன்று சார்பதிவாளர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன்.

"பரிச்சைக்கா?" என்றாள் உலகம்மாள். இப்போதெல்லாம் சோற்றைக் குழைய வடிக்கிறாள். குழம்பில் காரமும் இல்லை. வயதாகிறது, கைப்பக்குவம் போகிறது போலிருக்கிறது.

முக்கு வரை போய்வந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஐந்துக்கு ஐந்து! கோமதிநாயகம் வாயைப் பிளந்துவிட்டான். தொடர்ந்து மூன்றாவது வாரமாக மிக்கேல் அண்ணாச்சிக்குக் கமர்கட்டு. கரைந்த பிறகு பாய் டார்ச் அடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

எழுபது வயது மனிதரின் வாய். ஒரு புள்ளி இல்லை. குழந்தை நாக்குப்போல இளஞ்சிவப்பாக இருந்தது. பொறாமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பொறாமையை யாரிடம் போய்ச் சொல்வது?

ஜூன் 25, புதன்

பத்திரம் எழுதினால் இரு தரப்புக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். இன்று நான்கு எல்லைகளை வாசிக்கும்போது நாக்கு ஒரு பக்கம் கல்போலக் கிடந்தது. வாங்குகிற அம்மாள், "ஐயா, தெளிவாச் சொல்லுங்க, வடக்குல யாரு நிலம்?" என்று இரண்டு முறை கேட்டாள். என் குரலுக்காகவே என்னிடம் பத்திரம் எழுத வருகிறவர்கள் உண்டு. பேனாவை மூடிவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் சிறிது நேரம் நின்றேன்.

பல் டாக்டர் இருக்கும் தெரு வழியாக வீட்டுக்கு வந்தேன். போர்டைப் பார்த்தேன். நடையை எட்டிப் போட்டேன்.

ஜூன் 28, சனி

எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஒரு மூலப்பத்திரத்தை நகல் எடுக்கக் கோமதிநாயகம் கடைக்குப் போனேன். மை தீர்ந்துவிட்டது என்று அவன் உள்ளறைக்குப் போனான். மேஜையில் கேள்வித்தாள் கிடந்தது, அவன் கையெழுத்தில், நாளைய ஐந்து கேள்விகள். எதிரே காலண்டரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே ஐந்தையும் வாசித்தேன்.

முப்பது வருஷத்தில் என் பத்திரத்தில் ஒரு பொய்ச் சாட்சி கையெழுத்துப் போட்டதில்லை. அந்த ஆவுடையப்பன் மிட்டாய்க்குப் பயந்து திருடியிருக்கிறான்.

ஜூன் 29, ஞாயிறு

ஐந்துக்கு ஐந்து. அண்ணாச்சிக்கு ஒன்று.

கமர்கட்டு கரைகிறவரை அவர் யாரையும் பார்க்கவில்லை. நாங்கள் அவருடைய 'ரெண்டு தபால்காரர் படத்தை' எவ்வளவோ தப்பாகச் சொன்னோம். தம்பியை அண்ணன் என்றோம், கடிதத்தைத் தந்தி என்றோம். வழக்கமாக ஸ்டூலிலிருந்து எழுந்து கையைக் காலை ஆட்டுகிறவர், சும்மா உட்கார்ந்திருந்தார். வாயைக் காட்டிய பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு மறதி வந்துட்டுன்னு நினைக்கேன்வே. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. மொதல்ல படம், பாட்டு. பொறவு பிள்ளைக பேரு."

"சும்மா இருங்க அண்ணாச்சி, நாலு கேள்வி போச்சுன்னா மறதியா?" என்றார் பாய்.

"நாலு வாரமாப் போகுதே. புதங்கிழமை டாக்டர்ட்ட போறேன். பயந்துக்கிட்டே வீட்டுல கெடக்கதுக்கு என்னன்னு பாத்துரலாம்லா?"

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்! நோய் இல்லாத மனிதர் டாக்டரிடம் போகிறார். நான் தகர டப்பாவில் மிட்டாய்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 2, புதன்

அண்ணாச்சி போன் செய்தார். டாக்டர் ஏதேதோ கேள்வி கேட்டாராம், எதற்கும் தலையை ஸ்கேன் எடுத்துவிடுவோம் என்று அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறாராம். "ராத்திரி ஜெபம் பண்ணிட்டுத்தான் படுத்தேன். ஒனக்கு எல்லாம் ஞாவகம் இருக்கு, நீ குடுத்துவச்ச ஆளு ஆவுடை" என்றார்.

போனை வைத்துவிட்டு இந்த நோட்டை எடுத்தேன்.

இந்த நோட்டையாவது ஏமாற்றாமல் இருப்போம். 'முக்கு வரை போய்வந்தேன்' என்று எழுதிய இடங்களிலெல்லாம், புகையிலைப் பொட்டலம் வாங்கப் போனேன் என்று வாசிக்கவும். விற்கத் தடை இருந்தும் அந்தப் பெட்டிக்கடைக்காரன் எனக்கு மட்டும் கைக்குள் மறைத்துத் தருவான். பதினெட்டு வருஷமாக இடது கடைவாயில் வைக்கிறேன். சரியாகப் புண் இருக்கும் இடத்தில். வீட்டில் தெரியாது, சபையில் தெரியாது. 'வைட்டமின்' என்று ஜூன் 13இல் எழுதியதை அடித்துவிடவும்.

ஜூலை 5, சனி

முக்குக்குப் போகவில்லை. மூன்று நாளாகப் போகவில்லை. தலை வலிக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

இதை வரிசையாக எழுத முயல்கிறேன்.

இன்று படிக்காமல் போனேன். முதல் நான்கு கேள்விகளுக்கும் வெற்றுத் தாளைக் காட்டினேன். கோமதிநாயகம் முகம் சுளித்தான். ஐந்தாவதாக, எனக்குத் தோதாக இருக்கட்டும் என்று உடனே ஒரு கேள்வியை மாற்றிக் கேட்டான் என்று நினைக்கிறேன்.

"ஓடக்காரன் படம். வெள்ளம் வாரப்ப ஓடக்காரன் அரிக்கேன் வெளக்க எந்தக் கையில பிடிச்சிருப்பான்?"

இருபத்து மூன்று முறை பார்த்த படம். இடது கை, வலது கையில் துடுப்பு. "வெளக்கே கெடையாது" என்று எழுதிக் காட்டினேன்.

"நீரா இதத் தப்பா எழுதுதீரு?" என்றான் கோமதிநாயகம். சிரிக்கவில்லை.

பாய் கமர்கட்டை நீட்டினார். நான் வாங்கவில்லை. "பாய், இன்னைக்கு மொதல்லயே வெளிச்சத்த அடிச்சுப் பாத்துரும்" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தேன். நாக்கை வலப்பக்கம் ஒதுக்கினேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

வெளியே ஒரு பஸ் போனது. அந்த அமைதியைப்போல் பயங்கரமான ஒன்றை நான் எந்தப் பேய்ப் படத்திலும் கேட்டதில்லை.

"எத்தன நாளாவே?" என்று கோமதிநாயகம் கேட்டான்.

"சித்திரை விசுலேருந்து."

"பொகையிலையா?" என்றார் அண்ணாச்சி. தலையாட்டினேன்.

பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். விடிகாலையில் படித்தது, கேள்வித்தாளைத் திருடிப் படித்தது, எல்லாம். கோமதிநாயகம் அறைந்திருந்தால்கூட நியாயம். அவன் ஷட்டரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சிதான் முதலில் பேசினார்.

"அப்ப எனக்கு மறதி இல்லையா?"

"இல்ல அண்ணாச்சி. நான்தான் ஏமாத்தினேன்."

"அட சண்டாளா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. உலுக்கிய கையை எடுக்கவே இல்லை. "எந்திரி. மொதல்ல மதினிட்ட சொல்லு. நானும் வாரேன்."

"நாளைக்கு..."

"இன்னைக்கு."

நான்கு பேரும் வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததுமே உலகம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "வாய்ப்புண்ணுதான? எனக்குத் தெரியும். ஒங்க சட்டையத் தொவைக்கது நான்தான? பொகையில வாசம் தெரியாமயா இருக்கும்? சோத்த ஒரு பக்கமா மெல்லுதியளே, அதுவும் தெரியும்."

"தெரிஞ்சா கேக்கக் கூடாதா?"

"கேட்டா நெசமாயிருமோன்னு பயமா இருந்துச்சு," என்றாள். "நீங்க அந்த ரூம்புல பயந்திய, நான் அடுக்களைல பயந்தேன். ஒரே வீட்டுக்குள்ள ஆளுக்கொரு பக்கமா ஒளிச்சு வச்சிருக்கோம்." அதற்கப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணாச்சி என்னைப் பிடித்து அவள் பக்கம் தள்ளினார்.

ஜூலை 8, செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரி. டாக்டரம்மா சின்ன வயது. பென்சிலால் படம் வரைந்து காட்டினார். நாக்கின் ஓரத்தில் ஒரு துணுக்கு எடுத்து ஒரு குப்பியில் போட்டார்கள். என் பெயரை அதில் ஒட்டினார்கள். பெயரில் 'ப்' விட்டுப்போயிருந்தது; திருத்தச் சொன்னேன். வேறெதுவும் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ரிசல்ட் வரவில்லை.

ஜூலை 12, சனி

வரவில்லை. வாசலில் பால்காரர் மணியடித்தால்கூட எழுந்து ஓடுகிறேன்.

ஜூலை 16, புதன்

புற்றுநோய்தான்.

எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து, மறுபடி எடுத்தேன். சின்னதாக இருக்கிறது, கழுத்துக்குப் போகவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டரம்மா. அடுத்த செவ்வாய் ஆபரேஷன். நாக்கின் இடது ஓரத்தை வெட்டி எடுப்பார்கள். எடுத்ததைச் சோதித்த பிறகுதான் மற்றது தெரியும். பத்து நாள் பேச முடியாது. அதற்குப் பிறகு பேச்சு எப்படி இருக்கும் என்று கேட்டேன். "பழகணும்" என்றார். எவ்வளவு திரும்பி வரும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உலகம்மாள் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பிடித்ததில்லை.

ஜூலை 20, ஞாயிறு

சபை இன்று எங்கள் வீட்டில் கூடியது. கேள்வி இல்லை, தண்டனை இல்லை. மிக்கேல் அண்ணாச்சி ஸ்கேன் எடுக்கவில்லை. டாக்டரிடம் நடந்ததைச் சொன்னாராம், அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். கோமதிநாயகம் மட்டும் இன்னும் என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. ஆனால் முதலில் வந்தவன் அவன்தான். ஆஸ்பத்திரிக்கு வேண்டிய எல்லாக் காகிதத்தையும் மூன்று மூன்று நகல் எடுத்து, கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தான்.

"ஒரு கதை சொல்லும்வே," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "நாங்க யாரும் பாக்காத படமாச் சொல்லும்."

அப்படி ஒன்று இருக்கிறது. பத்து வயதில் சங்கரன்கோவில் பக்கத்து டூரிங் டாக்கீஸில் ஒரே ஒரு முறை பார்த்தது. அதைப் பார்த்த வேறொரு ஆளை நான் இதுவரை சந்தித்ததில்லை. சொல்லத் தொடங்கினேன். உலகம்மாளும் அடுக்களை நிலைப்படியில் வந்து உட்கார்ந்தாள்.

கிணறு வெட்டுகிற இரண்டு கூட்டாளிகள். ஒருவன் உள்ளே இறங்கி வெட்டுகிறான், மற்றவன் மேலே கயிறு பிடிக்கிறான். இருவருக்கும் ஏதோ பகை வந்துவிடுகிறது. ஒருநாள் உள்ளே இருப்பவன் கடப்பாரை போடும்போது ஊற்று பீறிட்டு விடுகிறது. கயிற்றை ஆட்டுகிறான். மேலே இருப்பவன் கயிற்றை விட்டுவிட்டு நடக்கிறான். தண்ணீர் முழங்காலுக்கு வருகிறது. இடுப்புக்கு வருகிறது. அவன் கத்துகிறான். தண்ணீர் நெஞ்சுக்கு, கழுத்துக்கு, வாய்க்கு...

அந்த இடத்தில் என்னால் தொடர முடியவில்லை. நாக்கு வலித்தது; காரணம் அது இல்லை.

"பயமா இருக்குவே," என்றேன். இத்தனை நாளில் வாய்விட்டுச் சொன்னது இன்றுதான்.

"எங்களுக்கும்தான்," என்றான் கோமதிநாயகம். இப்போது என் முகத்தைப் பார்த்தான். "தண்ணி வாய்க்கு வந்துட்டு. பொறவு என்னாச்சு?"

"தெரியாது."

"என்னது?"

"பயத்துல கண்ணப் பொத்திக்கிட்டேன். தொறக்கும்போது படம் முடிஞ்சு 'வணக்கம்' போட்டுட்டான். அவன் பொழைச்சானா செத்தானான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

நிலைப்படியிலிருந்து உலகம்மாள்தான் பேசினாள்.

"பயமா இருந்தா இப்பவும் பொத்திக்கிடுங்க. இந்தத் தடவ நாங்க நாலு பேரும் பாத்துட்டுச் சொல்லுதோம்."

செவ்வாய் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். நால்வரும் வருகிறார்கள்.